பால், முந்திரி, எள் இல்லாமல் மதுரையில் ஒரு விடுமுறை

மகளுக்கு ஏழு வயது. பால், முந்திரி, பிஸ்தா, எள் நான்கும் அவளுக்கு ஆகாது. ஆகாது என்றால் அரிப்பு, தடிப்போடு முடிகிற விஷயம் இல்லை, தொண்டை வீங்கி மூச்சு அடைக்கும் அளவுக்குப் போகும். போதாததற்கு நாங்கள் சைவம், முட்டையும் கிடையாது. லண்டனில் இதைச் சமாளிக்கப் பழகிவிட்டோம், ஏனென்றால் அங்கே 14 ஒவ்வாமைப் பொருள்களில் எது எந்தப் பண்டத்தில் இருக்கிறது என்று கேட்டால் உணவகங்கள் சொல்லியாக வேண்டும் என்பது சட்டம், எள்ளும் அந்தப் பட்டியலில் உண்டு. கணவரின் ஊர் மதுரை. பள்ளி விடுமுறைக்கு அங்கே போய், ஆவணி முகூர்த்தத்தில் காரைக்குடியில் ஒரு கல்யாணத்தையும் பார்த்துவிட்டு வந்தோம். இப்படிப்பட்ட குழந்தையை வைத்துக்கொண்டு ஊருக்குப் போகலாமா என்று தயங்குகிறவர்களுக்காக எழுதுகிறேன். போகலாம். சாப்பாட்டை விட மருந்துக்குத்தான் அதிகம் தயாராகப் போக வேண்டும்.

விமானத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பால் இல்லாத சாப்பாட்டுக்கு முன்பே சொல்லி வைத்திருந்தோம், ஆனால் அதில் முந்திரியோ எள்ளோ இல்லை என்று யாரும் உறுதி தர மாட்டார்கள், அதனால் அவளுக்கு முழுப் பயணத்துக்கும் வீட்டிலிருந்தே கட்டிக்கொண்டு போனோம். சென்னையிலிருந்து மதுரைக்கு ரயிலிலும் அப்படியே.

மதுரையில் முதலில் புரிந்துகொண்டது, விலை ஏற ஏற ஆபத்தும் ஏறுகிறது என்பதுதான். பெரிய ஓட்டலில் பொங்கலில் முந்திரி, உப்புமாவில் முந்திரி, குருமாவில் அரைத்த முந்திரி, தோசையில் நெய், ரசத்தில் நெய்த் தாளிப்பு, மினி இட்லி சாம்பார் மேலேயும் ஒரு கரண்டி நெய். விருந்தாளியைக் கவனிப்பது என்றாலே நெய்யும் முந்திரியும்தான். ஆனால் வீட்டுக்குப் பக்கத்தில் ஓர் அக்கா நடத்தும் சின்ன இட்லிக் கடையில் கேட்டபோது, "நெய்யெல்லாம் நம்ம கடைக்குக் கட்டுப்படியாகாது தாயி, முந்திரிக்கு எங்க போக? சட்னில தேங்கா, பொட்டுக்கடலை, பச்ச மிளகா, அம்புட்டுத்தேன்" என்று சொல்லி எண்ணெய் டின்னையே தூக்கிக் காட்டினார். பாமாயில். நல்லெண்ணெய் அந்தக் கடையில் பொடிக்கு மட்டும்தான், பொடி இருக்கும் டப்பாவை எங்கள் பார்சல் கட்டும்போது தள்ளி வைத்துவிடுவார். பெரும்பாலான காலை வேளைகள் அவளுக்கு அங்கிருந்துதான் சாப்பாடு.

இட்லியிலும் கேட்க வேண்டியது ஒன்று உண்டு. துணி போட்டு அவிக்கிறார்களா, தட்டில் எண்ணெய் தடவி ஊற்றுகிறார்களா? வீடுகளில் பலர் தடவுவது நல்லெண்ணெய். எள் ஆகாத பிள்ளைக்கு மூச்சு அடைக்க அதுவே போதும். துணியில் அவித்த இட்லிதான் மதுரையில் நாங்கள் முழுசாக நம்பிய ஒரே வெளிச் சாப்பாடு. தோசையை வெளியே தொடவே இல்லை, ஒரே கல்லில்தான் நெய் ரோஸ்ட்டும் பொடி தோசையும் போகின்றன. ரவா தோசை மாவில் பெரும்பாலும் மோரோ தயிரோ சேர்க்கிறார்கள். ஆப்பம், இடியாப்பம், தேங்காய்ப்பால் கிடைக்கும் இடமாகப் பார்த்துப் போனால் மாலை டிபன் கவலை தீரும், ஆனால் அந்தப் பாலில் பசும்பால் கலக்கிறார்களா என்று கேட்டுவிடுங்கள்.

எல்லாவற்றையும் விட அவளுக்குப் பிடித்துப்போனது பருத்திப்பால். பருத்தி விதையை ஊற வைத்து அரைத்துப் பிழிந்து, வெல்லம், அரிசி மாவு, சுக்கு, ஏலக்காய், தேங்காய் சேர்த்துக் காய்ச்சுவது, மாட்டுப்பால் கிடையாது. சாயங்காலம் வண்டியில் கொண்டு வருகிற அண்ணனிடம் நாலு கேள்வி கேட்டு, மேலே தூவுவது என்ன என்பதையும் பார்த்துக்கொண்டு, முதல் நாள் ஒரு கரண்டி மட்டும் கொடுத்துப் பார்த்தோம். சுற்றிலும் எல்லோரும் ஜிகர்தண்டா குடிக்கிற ஊரில் தனக்கும் தெருவில் நின்று குடிக்க ஒன்று இருக்கிறது என்றதில் அவளுக்கு இருந்த சந்தோஷத்தைப் பார்த்து என் மாமியார் கண் கலங்கிவிட்டார்.

கேட்கும் விதத்தைப் பற்றி. 'அலர்ஜி' என்று சொன்னால் நிறையப் பேர் தோலில் அரிப்பு என்று நினைத்துக்கொள்கிறார்கள். 'சாப்பிட்டால் மூச்சு அடைத்துவிடும், ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும்' என்று சொன்ன பிறகுதான் முகம் மாறுகிறது. 'பால் சேர்க்கிறீர்களா' என்று கேட்டால் இல்லை என்பார்கள், நெய், வெண்ணெய், தயிர், மோர், பன்னீர், பால்கோவா என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். இதையெல்லாம் பெரிய எழுத்தில் தமிழில் ஓர் அட்டையில் அச்சடித்துக் கொண்டுபோனோம். பரிமாறுகிறவரிடம் கொடுக்காமல் அடுப்பில் நிற்கிறவரிடம் காட்டச் சொல்லுங்கள், முடிந்தால் நீங்களே போய்க் காட்டுங்கள். சின்னக் கடைகளில் அது சுலபம், அடுப்பு வாசலிலேயே இருக்கிறது.

பெரிய இடத்தில் எங்களுக்கு நடந்தது வேறு. பெயர் போன ஓர் உணவகம், மெனு கார்டில் ஒவ்வாமைக் குறிகள்கூட இருந்தன (10 அல்லது அதற்கு மேற்பட்ட இடங்களில் கிளை வைத்திருக்கும் உணவகங்கள் இந்த விவரத்தைத் தர வேண்டும் என்று இந்தியாவிலும் விதி இருக்கிறது). குருமாவில் முந்திரி இருக்கிறதா என்று இரண்டு தடவை கேட்டோம். உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்து இல்லவே இல்லை என்றார்கள். இரண்டாவது வாயிலேயே நாக்கு குத்துகிறது என்று துப்பினாள். சில நிமிடங்களில் உதடு வீங்கி, இருமலும் வாந்தியும் வந்துவிட்டன. தொடையில் பேனா ஊசியை (இந்த மாதிரி நேரத்துக்கென்றே கையோடு வைத்திருக்கும், தானாகக் குத்தும் அட்ரினலின் ஊசி) போட்டுவிட்டு உறவினர் காரில் பக்கத்திலிருந்த தனியார் மருத்துவமனைக்குப் போனோம். பிறகு கணவர் போய் விசாரித்தபோது தெரிந்தது, குருமாவுக்கான மசாலா விழுது அந்தக் கிளையில் அரைப்பதே இல்லையாம், பொதுச் சமையற்கூடத்திலிருந்து பாக்கெட்டில் வருகிறது, அதில் என்ன இருக்கிறது என்று அங்கே சமைக்கிறவருக்கே தெரியாது. தெரியாது என்று அவர்கள் சொல்லியிருந்தால் நாங்கள் வெறும் இட்லியோடு எழுந்து வந்திருப்போம். தெரியாததை 'இல்லை' என்று சொன்னதை இன்றைக்கும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

மருத்துவமனையில் நல்ல கவனிப்பு. பணியில் இருந்த மருத்துவர் ஒரு கேள்வியில் விஷயத்தைப் பிடித்துக்கொண்டார், அறிகுறி அடங்கிய பிறகும் சில மணி நேரம் கழித்து மறுபடி வரலாம் என்று இரவு முழுக்க அங்கேயே வைத்துப் பார்த்தார்கள். ஆனால் நாங்கள் போட்ட பேனா ஊசியை அங்கிருந்த நர்ஸ்கள் பார்த்ததே இல்லை. அந்தப் பேனா நாங்கள் ஏறி இறங்கிய ஒரு மருந்துக் கடையிலும் கிடைக்கவில்லை. ஆம்பூல் அட்ரினலின், அதாவது சின்னக் கண்ணாடிக் குப்பியில் வரும் அதே மருந்து, மருத்துவமனைகளில் இருக்கிறது, விலையும் குறைவு. கையில் இன்னும் ஒரு பேனாதான் மிச்சம் என்றதும் அந்த மருத்துவர் ஆம்பூலும் சிறிய சிரிஞ்சும் எழுதித் தந்து, மகளின் எடைக்கு எவ்வளவு இழுக்க வேண்டும் என்று கணவரை முன்னால் உட்கார வைத்துத் திரும்பத் திரும்பச் செய்யச் சொல்லிப் பார்த்தார். இதை நேரில் காட்டிக் கொடுக்காமல் யாரும் முயல வேண்டாம். நீங்கள் போகும்போது இரண்டு பேனாவோடு நிறுத்தாமல் உங்கள் மருத்துவரிடம் கேட்டுக் கூடுதலாக வாங்கிக்கொள்ளுங்கள், விமானத்துக்கு அவருடைய கடிதமும் வேண்டும். வெயிலில் நிற்கும் காரில் பேனாவை விடக் கூடாது, ஃபிரிட்ஜிலும் வைக்கக் கூடாது, வெப்பக் காப்புப் பையில் போட்டுக் கையோடு வைத்திருக்க வேண்டும். ஆம்புலன்ஸுக்கு 108. வீட்டிலிருக்கும் பெரியவர்கள் எல்லோருக்கும் பேனா எங்கே இருக்கிறது, எப்படிப் போடுவது என்று போன அன்றைக்கே காட்டிவிட்டோம். "ஒரு வாய் நெய் சோறு குடுத்துப் பழக்குனா சரியாப் போகும்" என்று சொல்லிக்கொண்டிருந்த பெரியத்தை அந்த ஆஸ்பத்திரி இரவுக்குப் பிறகு அவளுக்கு எதைக் கொடுப்பதற்கு முன்னும் என்னைக் கேட்க ஆரம்பித்தார்.

மளிகையில் கவனிக்க வேண்டியவை. பச்சைப் புள்ளி சைவம் என்று மட்டும்தான் சொல்லும், பால் பவுடர் போட்ட பிஸ்கட்டுக்கும் அதே புள்ளிதான். பால் பொருளே இல்லாதவற்றுக்குத் தனியாக வீகன் முத்திரை வந்திருக்கிறது, ஆனால் அது போட்ட பொருள்கள் கடைகளில் குறைவு, ஒவ்வாமைக்கு உத்தரவாதமும் இல்லை. பாக்கெட்டில் கண்டிப்பாக அறிவிக்க வேண்டியவை என்று 2020 லேபிள் விதிகள் சொல்லும் பட்டியலில் பால், கொட்டை வகைகள், வேர்க்கடலை, சோயா எல்லாம் உண்டு, எள் இல்லை. எள் நம் சமையலில் எவ்வளவு இருக்கிறது என்று யோசித்தால் இது பெரிய ஓட்டை, இதைச் சேர்க்கத்தான் வேண்டும். எனவே பின்பக்கத்தில் உள்ள சேர்மானங்களை முழுதாகப் படிக்க வேண்டும். மரச்செக்குத் தேங்காய் எண்ணெய் நல்லது என்று வாங்கப் போனால், அதே செக்கில்தான் எள்ளும் ஆட்டுகிறார்கள், அதனால் பாக்கெட் சூரியகாந்தி எண்ணெயோடு நின்றோம். மில்லில் அரைத்த மிளகாய்த் தூளும் சாம்பார்ப் பொடியும் அப்படியே, நமக்கு முன்னால் யாராவது முந்திரி போட்ட சத்துமாவு அரைத்திருப்பார்கள். மிக்சியில் வீட்டிலேயே அரைத்துக்கொண்டோம். சோயா பாலும் ஓட்ஸ் பாலும் மதுரை சூப்பர் மார்க்கெட்டுகளில் கிடைக்கின்றன, விலைதான் கூடுதல்.

கல்யாணத்துக்கு வருகிறேன். எனக்கு இதுதான் பெரிய பயமாக இருந்தது, ஆனால் அங்கேதான் எல்லோரையும் விட நன்றாகப் பார்த்துக்கொண்டார்கள். பெண் வீட்டார் சமையல் மாஸ்டரின் எண்ணைக் கொடுத்தார்கள், முதல் நாளே பேசினோம். வயதானவர், பொறுமையாகக் கேட்டுவிட்டு, நாங்கள் நினைத்தே பார்க்காததை எல்லாம் அவரே சொன்னார். "வாழைப்பூவ நறுக்கி மோர்லதாம்மா போடுவோம், கறுக்காம இருக்க. வாழைத்தண்டும் அப்படித்தான். பாப்பாவுக்கு அது ரெண்டும் வேணாம். சுண்டவத்தல், மோர் மெளகா எல்லாம் மோர்ல ஊறுனது, ஊறுகா நல்லெண்ணெய்." இந்தப் பட்டியலை எந்த மெனு கார்டும் எனக்குத் தந்ததில்லை. பொது வேலை தொடங்கும் முன்பே, விடியற்காலையில், கழுவிய சின்னச் சட்டியில் புது எண்ணெய் ஊற்றி வெள்ளைப் பணியாரம் சுட்டு மூடி வைத்துவிட்டார். கவுனி அரிசியை நெய் சேர்க்காமல் தேங்காய்ப்பூவும் சர்க்கரையும் போட்டுத் தனியாகக் கிண்டினார். செட்டிநாட்டுக் கல்யாணத்தில் மகள் இனிப்போடு சாப்பிட்டாள். பந்தியில் மட்டும் உட்கார வைக்கவில்லை, வாளியோடு வேகமாக வருகிற பையன்கள் இலையைப் பார்த்ததும் நெய்யை ஊற்றிவிடுவார்கள், அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. மாஸ்டர் பக்கத்திலேயே ஒரு ஸ்டூல் போட்டு அங்கே இலை விரித்தோம்.

ஆப்பில் ஆர்டர் செய்வதைப் பற்றிக் கேட்பீர்கள். குறிப்பு எழுதும் இடத்தில் எழுதினால் சமைக்கிறவர் படிக்கிறாரா என்று தெரிந்துகொள்ள வழியே இல்லை, அவளுக்காக எதையும் அப்படி வாங்கவில்லை. கோயில் பிரசாதமும் வாங்கவில்லை, சர்க்கரைப் பொங்கலில் நெய்யும் முந்திரியும், புளியோதரையில் நல்லெண்ணெய்யும் எள்ளுப் பொடியும். குருக்கள் ஒருவர் காரணம் கேட்டுவிட்டு அர்ச்சனைத் தட்டிலிருந்து வாழைப்பழத்தை எடுத்து அவள் கையில் கொடுத்தார்.

ஈஸ்டர் விடுமுறையில் மறுபடி போகிறோம், நாத்தனார் மகனுக்குக் காதுகுத்து. அதே மாஸ்டரிடம் சொல்லியாகிவிட்டது. இப்போது இருக்கும் பேனாக்கள் அதற்குள் காலாவதி ஆகிவிடும், புதியவற்றுக்கு மருத்துவரிடம் கேட்டிருக்கிறேன், இந்த முறை நான்கு.