இன்டெல் ஐ7-4700எம்கியூ புறொசெசர்: பழைய கேமிங் லப்டொப்புக்கு வாங்கலாமா?

வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் கடைக்காரர் "புறொசெசர் மாத்தித் தாறம்" என்றால் முதலில் அதன் இலக்கத்தின் கடைசி எழுத்தைப் பாருங்கோ. நாலாம் தலைமுறை இன்டெலில் 'எம்', 'எம்கியூ' கழற்றலாம். 'எச்கியூ', 'யூ' போர்டிலேயே பற்றவைத்தது, மாத்தேலாது, காசை மிச்சம் பிடியுங்கோ.

ஐ5-4200எம் இருந்த இடத்தில் ஐ7-4700எம்கியூ நல்ல பாய்ச்சல், 2 கோர் (கணிக்கும் பகுதி) 4 ஆகும். ஆனால் வெளிவிடும் சூடும் 37 வாட்டிலிருந்து 47 ஆகும். ஹீற்சிங்க் (சூட்டை இழுக்கும் உலோகத் துண்டு) மெல்லிசென்றால் சூட்டில் வேகம் தானாக இறங்கும். ஃபானில் கிரவல் தூசி அடைத்திருந்தால் சொல்லவே வேண்டாம்.

பயோசை (லப்டொப்பைத் தொடக்கிவைக்கும் அடிப்படை மென்பொருள்) முதலே புதுப்பியுங்கோ. பழைய பயோஸ் புதுச் சிப்பை அறியாவிட்டால் கறுப்புத் திரைதான். பற்றரியைக் கழற்றி, சொக்கற் திருகாணியை அரைச் சுற்றுத் திருப்பி, மூலை முக்கோணம் பார்த்து வையுங்கோ. பின்கள் புறொசெசரில்தான், அமத்தினால் வளையும். புறொசெசருக்கும் ஹீற்சிங்குக்கும் நடுவில் சூடு கடத்தும் தேர்மல் பேஸ்ட் புதுசாகப் பூசவேணும். கேம் இழுபடுவது கிராபிக்ஸ் சிப்பால் என்றால் புறொசெசர் மாத்துவது வீண்செலவு.