சிபேனலா, பிளெஸ்க்கா, ஹெஸ்டியாவா, வெப்மினா: உங்கள் சர்வர் எதைத் தாங்கும்?

நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துக்கோ ரப்பர் கடைக்கோ வெப்சைட்டும் மெயிலும் போட்டுக் கொடுப்பவர்கள் 2 ஜிபி ராம் உள்ள வாடகை சர்வரை எடுத்துவிட்டு, அப்புறம்தான் எந்தப் பேனல் (சைட், மெயில் எல்லாவற்றையும் பிரவுசரிலிருந்தே நடத்த உதவும் மென்பொருள்) நல்லது என்று கேட்கிறார்கள். பேனலை முடிவு செய்துவிட்டு சர்வர் எடுங்கள்.

ஓஎஸ்ஸிலேயே பாதி முடிவாகிவிடும். விண்டோஸ் சர்வர் என்றால் பிளெஸ்க்தான், வேறு பேச்சில்லை. லினக்ஸ் வகைகளில், டெபியனில் சிபேனல் ஏறாது. ஹெஸ்டியா டெபியன், உபுண்டு இரண்டுக்கு மட்டும். அல்மாலினக்ஸில் சிபேனல், பிளெஸ்க் இரண்டுமே ஓடும்.

அடுத்தது ராம். பிளெஸ்க் லினக்ஸில் குறைந்தது 1 ஜிபி ராமும் 1 ஜிபி ஸ்வாப்பும் (ராம் போதாதபோது கைகொடுக்கும் டிஸ்க் இடம்) கேட்கிறது, ஹெஸ்டியா 1 ஜிபி ராம், 10 ஜிபி டிஸ்க் போதும் என்கிறது, சிபேனலுக்கு டிஸ்க்கே குறைந்தது 20 ஜிபி வேண்டும், 40 இருந்தால் நல்லது. இதெல்லாம் பேனல் எழுந்து நிற்பதற்கான கணக்கு, வேலை செய்வதற்கானது இல்லை. ஹெஸ்டியாவே 4 ஜிபி ராம், 40 ஜிபி டிஸ்க்கைத்தான் பரிந்துரைக்கிறது. மெயிலுக்கு வைரஸ் ஸ்கேன் வேண்டும் என்று கிளாம்ஏவியை ஆன் செய்தால் அது ஒன்றே 1 ஜிபிக்கு மேல் எடுத்துக்கொள்ளும், புது வைரஸ் பட்டியலை ஏற்றும்போது பழையதையும் சேர்த்துப் பிடித்திருப்பதால் கொஞ்ச நேரம் இரண்டு மடங்காகும். 2 ஜிபி மெஷினில் அந்த நேரத்தில் கெர்னல் (ஓஎஸ்ஸின் மையப் பகுதி) ராம் போதாமல் கிளாம்ஏவியையோ மரியாடிபி டேட்டாபேஸையோ நிறுத்தக்கூடும், மரியாடிபி நின்றால் பள்ளிக்கூட சைட் டேட்டாபேஸ் எரர் காட்டும், எல்லோரும் வெப்சைட் செய்தவரைத் திட்டுவார்கள். கெர்னல் லாகில் ‘அவுட் ஆஃப் மெமரி’ என்று ஒரு வரி இருக்கும், அதைப் பாருங்கள். 2 ஜிபியில் ஹெஸ்டியா போடுகிறவர்கள் இன்ஸ்டால் செய்யும்போதே கிளாம்ஏவியை விட்டுவிடுவது நல்லது.

கடையின் பின்னறையில் ஒரு பழைய டவரையே சர்வராக வைக்கலாம் என்று நினைப்பவர்கள் சிபேனல் பக்கம் போகவே வேண்டாம். அதன் லைசென்ஸ் பப்ளிக் ஐபியோடு (இன்டர்நெட்டில் சர்வரின் முகவரி) கட்டப்பட்டது. நம் மாவட்டத்தில் இரண்டு பருவமழைக்கும் கரண்ட் போய்ப் போய் வரும், ஸ்டாட்டிக் (மாறாத) ஐபி வாங்காத பிராட்பேண்டில் மோடம் ஆஃப் ஆகி வந்தால் ஐபி மாறக்கூடும், லைசென்ஸ் செல்லாமல் போகும். இன்னொன்று, சிபேனலைப் பிடிக்கவில்லை என்று அன்இன்ஸ்டால் செய்ய வழியே கிடையாது, ஓஎஸ்ஸைப் புதிதாகப் போட வேண்டியதுதான். சும்மா போட்டுப் பார்ப்போம் என்பது அதில் நடக்காது.

ஏற்கெனவே சைட்டுகள் ஓடிக்கொண்டிருக்கிற சர்வர் என்றால் சிபேனல், ஹெஸ்டியா இரண்டும் வேறெதுவும் ஏற்றாமல் புதிதாகப் போட்ட ஓஎஸ்தான் கேட்கும். அங்கே நான் சொல்வது வெப்மின். பெர்ல் மொழி இருந்தால் போதும், இருக்கிற அப்பாச்சி வெப் சர்வரை, மரியாடிபியைத் தொடாமல் பக்கத்தில் உட்கார்ந்துகொள்ளும், ராமும் கொஞ்சம்தான். வாடிக்கையாளருக்குத் தனி லாகின் கொடுக்க வசதி வேண்டுமென்றால் அதன் மேல் விர்ச்சுவல்மின் போட வேண்டும், அப்போது அதுவும் புது ஓஎஸ் கேட்கும்.

என் முடிவு: 2 ஜிபி, சில சைட்டுகள் என்றால் டெபியனில் ஹெஸ்டியா. முப்பது நாற்பது வாடிக்கையாளர், அவர்களே மெயில் ஐடி உருவாக்கிக்கொள்ள வேண்டும் என்றால் 4 ஜிபிக்குக் குறையாமல் எடுத்து சிபேனல், அக்கவுண்ட் கூடக் கூட லைசென்ஸ் கட்டணமும் கூடும் என்பதை மாத வாடகையில் முன்பே சேர்த்துச் சொல்லிவிடுங்கள். வெப்மின் என்றால் அதன் லாகின் பக்கம் வரும் 10000 போர்ட்டை ஊருக்கே திறந்து வைக்காமல் உங்கள் ஆபீஸ் ஐபிக்கு மட்டும் விடுங்கள்.