பேட்ச்சா, சூயிங்கமா? கூட இருப்பவருக்கு எது சுலபம்

சிகரெட்டை விடப்போகிறவருக்குத் தோலில் ஒட்டும் நிகோட்டின் பேட்ச் வாங்கித் தருவதா, நிகோட்டின் சூயிங்கமா? என் ஓட்டு பேட்ச்சுக்கே. உடம்பு கேட்கும் நிகோட்டினைப் புகையில்லாமல் கொடுப்பதில் இரண்டும் ஒன்றுதான். அன்றாடம் அதைக் கட்டி மேய்ப்பதில்தான் வித்தியாசம்.

சூயிங்கத்தைச் சும்மா மென்றுகொண்டே இருக்கக் கூடாது. வாயில் சுருக்கென்று காரம் தட்டியதும் மெல்வதை நிறுத்தி, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்க வேண்டும். காரம் அடங்கியதும் மறுபடி மெல்ல வேண்டும். இப்படியே சுமார் 30 நிமிடம். விடாமல் மென்றால் நிகோட்டின் எச்சிலோடு வயிற்றுக்குப் போய் விக்கலும் குமட்டலும்தான் மிச்சம். காபியோ பழச்சாறோ குடித்து 15 நிமிடத்துக்குள் போட்டாலும் வீண். வாயில் அமிலம் இருந்தால் நிகோட்டின் ஏறாது. முதல் 6 வாரம் 1-2 மணி நேரத்துக்கு ஒன்று வேண்டும். தினம் பத்துத் தடவை இதைப் பிசகாமல் செய்வது லேசில்லை. குறைத்துப் போடுவார்கள், சிகரெட் ஏக்கம் முட்டும், "இன்னிக்கு எத்தனை போட்டீங்க?" என்று வீட்டிலிருப்பவர் போலீஸாகிவிடுவார். ஏற்கெனவே எரிந்து விழுகிறவரிடம் இந்தக் கேள்வி போதும், சண்டைக்கு.

பேட்ச் காலையில் ஒரே வேலை. நாளுக்கு 10 சிகரெட்டுக்கு மேல் பிடித்தவருக்கு 24 மணி நேர பேட்ச்சில் வழக்கமான கணக்கு: 21 மி.கி. 6 வாரம், 14 மி.கி. 2 வாரம், 7 மி.கி. 2 வாரம். 10 அல்லது அதற்குக் கீழ் என்றால் 14-இல் தொடங்கலாம். இடுப்புக்கு மேலே, முடியில்லாத, எண்ணெயோ க்ரீமோ படாத உலர்ந்த தோலில் ஒட்டி 10 விநாடி அழுத்த வேண்டும். தினம் இடம் மாற்ற வேண்டும். ஒட்டிய இடத்துக்கு ஒரு வாரம் ஓய்வு. முதுகில் ஒட்டிவிட இன்னொரு கை வேண்டுமே, அதுதான் உங்கள் வேலை. கழற்றியதிலும் நிகோட்டின் மிச்சமிருக்கும். ஒட்டும் பக்கம் உள்ளே போக மடித்து, குழந்தைக்கு எட்டாமல் போடுங்கள். பேட்ச்சால் வரும் கனவுகள் தூக்கத்தைக் கெடுத்தால் படுக்கும்போது உரித்துவிடலாம். ஆனால் காலை ஏக்கம் கொஞ்சம் கூடும்.

தூக்கமின்மைக்கும் படபடப்புக்கும் பேட்ச்சை மட்டும் திட்டாதீர்கள். புகை நின்றதும் காபியிலுள்ள கஃபீன் உடம்பில் மெதுவாகவே கரையும். வழக்கமான காபியைப் பாதியாக்கிப் பாருங்கள்.

பேட்ச்சின் குறை வேகம். உச்சத்துக்கு ஏற மணிக்கணக்காகும். திடீரென்று முட்டும் ஏக்கத்துக்கு உதவாது. அங்கே சூயிங்கம்தான் கெட்டி. பேட்ச்சோடு சட்டைப்பையில் 2 மி.கி. சூயிங்கமும் இருந்தால் ஒன்றை மட்டும் நம்புவதைவிடப் பலன் அதிகம் என்று ஆய்வுகளே சொல்கின்றன.

எல்லார் தோலும் பேட்ச்சை ஏற்காது. லேசாகச் சிவந்தால் பரவாயில்லை. தடித்து வீங்கினால் கழற்றிவிட்டு டாக்டரிடம் போக வேண்டியதுதான். பல்செட் போட்டவருக்கோ சூயிங்கம் ஒட்டிக்கொண்டு தொல்லை. கர்ப்பிணி, அண்மையில் மாரடைப்பு வந்தவர் என்றால் எதைத் தொடும் முன்பும் டாக்டர்.

நடுவில் ஒரு சிகரெட் பிடித்துவிட்டாரா? பேட்ச்சைப் பிய்த்தெறியச் சொல்லாதீர்கள். அது இருக்கட்டும். மறுநாள் காலை அடுத்ததை ஒட்டிவிடுங்கள், விசாரணை வேண்டாம்.