லினக்ஸ் மேசைக்கணினியில் சூடோ: பல வருடப் பயன்பாட்டுக்குப் பின்

வீட்டில் ஒரு கணினியில் உபுண்டு, இன்னொன்றில் டெபியன், இரண்டும் லினக்ஸ் வகைகள். இரண்டிலுமே ரூட் கணக்கை, அதாவது எல்லா உரிமையும் உள்ள நிர்வாகிக் கணக்கை, பூட்டி வைத்திருக்கிறேன். நிர்வாகி வேலை எல்லாம் சூடோ (sudo) வழியாகத்தான்: நம் கடவுச்சொல்லைக் கேட்டுவிட்டு, ஒரு கட்டளையை ரூட் உரிமையில் ஓட்டித் தரும் நிரல் அது. பல வருடங்களாக இப்படித்தான் ஓடுகிறது, வீட்டுக் கணினிக்கு இது போதும் என்பதே என் எண்ணம். ஆனால் இந்தக் கடவுச்சொல் எதைக் காக்கிறது, எதைக் காக்காது என்பதைத் தெரிந்துகொண்டு பயன்படுத்த வேண்டும்.

உபுண்டு 2004-இல் வந்த முதல் பதிப்பிலிருந்தே ரூட்டைப் பூட்டித்தான் தருகிறது. நிறுவும்போது உருவாக்கும் பயனருக்கு சூடோ உரிமை தானாக வந்துவிடும். டெபியனில் கொஞ்சம் கவனம் வேண்டும். நிறுவும்போது ரூட் கடவுச்சொல் கேட்கும் இடத்தில் எதையாவது கொடுத்துவிட்டால் உங்கள் கணக்குக்கு சூடோ கிடைக்காது. வெறுமையாக விட்டால்தான் கிடைக்கும். டெபியனுக்குப் புதிதாக வருகிறவர்கள் சூடோ வேலை செய்யவில்லை என்று தவிப்பதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

ஒருமுறை கடவுச்சொல் கொடுத்தால் இந்த இரண்டிலும் 15 நிமிடம் மறுபடி கேட்காது. அதுவும் அந்த ஒரு டெர்மினலுக்கு (கட்டளை தட்டும் சாளரத்துக்கு) மட்டும்தான். இன்னொன்று திறந்தால் அங்கே புதிதாகக் கேட்கும். இந்த ஏற்பாடு எனக்கு ரொம்பப் பிடிக்கும். கணினியை விட்டு எழுந்து போகும்போது 'சூடோ -கே' (sudo -k) என்று தட்டினால் சலுகை அப்போதே முடிந்துவிடும்.

கடவுச்சொல்லே கேட்காதபடி அமைத்துக்கொள்கிறவர்களும் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. இணையத்திலிருந்து எடுத்து ஓட்டும் ஏதோ ஒரு ஸ்கிரிப்ட், உங்களைக் கேட்காமலே ரூட் ஆகிவிட அது வழி திறந்துவிடும். ஏதோ ஒரு கட்டளைக்கு மட்டும் விலக்கு வேண்டுமென்றால் சரி, அந்த ஒன்றுக்கு மட்டும் கொடுங்கள். ஆனால் அதை, சூடோவின் அமைப்புக் கோப்பைத் திருத்தவென்றே இருக்கும் விசூடோ (visudo) வழியாகவே செய்யுங்கள். சேமிக்கும் முன்பே அது பிழை பார்த்துச் சொல்லிவிடும். சாதாரண எடிட்டரில் திருத்தி, இலக்கணம் பிசகிவிட்டால், சூடோ வேலை செய்யாமல் போகலாம், ரூட்டும் பூட்டியிருக்கும். டெபியனில் ரெக்கவரி மோடுக்கு (பழுது பார்ப்பதற்கான தொடக்க நிலைக்கு) போனாலும் ரூட் கணக்கு பூட்டப்பட்டிருக்கிறது என்று சொல்லி நின்றுவிடலாம். அப்புறம் லைவ் யூஎஸ்பியில் (நிறுவாமலே லினக்ஸ் ஓடும் யூஎஸ்பியில்) பூட் செய்து சரிசெய்ய வேண்டியிருக்கும்.

எடிட்டர், கோப்பு மேலாளர் போன்ற சாளர நிரல்களை சூடோ போட்டுத் திறக்கவே வேண்டாம். உங்கள் கோப்புகள் இருக்கும் ஹோம் கோப்புறைக்குள் ரூட்டுக்குச் சொந்தமான கோப்புகள் உருவாகிவிடும். உபுண்டு 19.10 வரும்வரை இது சர்வசாதாரணம், ஏனென்றால் அதுவரை அதன் சூடோ பயனரின் ஹோம் கோப்புறையையே பயன்படுத்தியது. லாகின் சம்பந்தப்பட்ட கோப்பு ஒன்று ரூட் கைக்குப் போய்விட்டால், கடவுச்சொல் சரியாக இருந்தும் லாகின் திரையே திரும்பத் திரும்ப வந்து நிற்கும். அமைப்புக் கோப்பைத் திருத்த சூடோஎடிட் (sudoedit) என்ற கட்டளை இருக்கிறது: எடிட்டர் உங்கள் உரிமையிலேயே நகலைத் திறக்கும், மூடியதும் மூலக் கோப்பில் மாற்றம் எழுதப்படும். நான் இதைத்தான் பயன்படுத்துகிறேன்.

இனி அதிகம் பேசப்படாத விஷயத்துக்கு வருகிறேன். சூடோ காப்பது இயங்குதளத்தை. உங்கள் புகைப்படங்கள், ஆவணங்கள், பிரவுசரில் சேமித்த கடவுச்சொற்கள் எல்லாம் உங்கள் கணக்கிலேயே இருக்கின்றன. உங்கள் பெயரில் ஓடும் ஒரு தீய நிரலுக்கு அவற்றை அழிக்கவோ திருடவோ நிர்வாகி உரிமை தேவையே இல்லை. இயங்குதளம் போனால் அதை மறுபடி நிறுவிக்கொள்ளலாம். குடும்பப் படங்களை எங்கே போய் வாங்குவது? அதனால் தனி டிஸ்க்கில் காப்புநகல் எடுப்பதை சூடோவைவிட முக்கியமாகக் கருதுகிறேன். வீட்டில் மற்றவர்களுக்குத் தனித்தனிக் கணக்கு, அதில் சூடோ கிடையாது. அவர்களுக்கு வேண்டிய நிரல்களைப் பிளாட்பேக் (Flatpak) என்ற நிரல் நிறுவும் முறையில், தங்கள் கணக்குக்கு மட்டும் நிறுவிக்கொள்ளலாம், கடவுச்சொல் கேட்டு என்னைக் கூப்பிட வேண்டியதில்லை.

சூடோவிலேயே ஓட்டை இருந்ததும் உண்டு. 2021 ஜனவரியில் குவாலிஸ் என்ற பாதுகாப்பு நிறுவனம் வெளியிட்ட 'பாரன் சேமெடிட்' (Baron Samedit) என்ற குறை 2011 முதலே அதற்குள் இருந்தது. சூடோ உரிமை இல்லாத பயனரும் அதன் வழியே ரூட் ஆக முடிந்தது. அடுத்த வருடமே, சாளர நிரல்களுக்கு நிர்வாகி அனுமதி தரும் போல்கிட் (polkit) அமைப்பின் பிகேஎக்ஸெக் (pkexec) நிரலில் 2009 முதல் இருந்த இன்னொன்று வெளிவந்தது. இரண்டும் நினைவக மேலாண்மைப் பிழைகள். பாதுகாப்புப் புதுப்பிப்புகள் தானாக நிறுவப்படும்படி வைத்திருப்பதற்கு இவைதான் காரணம். உபுண்டு 25.10-இலிருந்து ரஸ்ட் என்ற நிரலாக்க மொழியில் புதிதாக எழுதிய சூடோவான சூடோ-ஆர்எஸ் (sudo-rs) இயல்பாக வருகிறது. இந்த வகைப் பிழைகளைப் பெருமளவு மொழியே தடுத்துவிடும் என்பதால் அதை வரவேற்கிறேன். பழைய வசதிகள் சிலவற்றை வேண்டுமென்றே விட்டிருக்கிறார்கள், ஆனால் வீட்டு உபயோகத்தில் எனக்கு எதுவும் குறையவில்லை.

மனக்குறை ஒன்று இருக்கிறது. க்னோம் (GNOME) என்ற மேசைத்தளத்தில் கடவுச்சொல் கேட்டு எழும் போல்கிட் பெட்டி 'மென்பொருள் நிறுவ அனுமதி தேவை' என்கிற அளவில் நின்றுவிடுகிறது. எந்த நிரல் கேட்கிறது, எதை நிறுவப் போகிறது என்று பல நேரம் அந்தப் பெட்டியில் தெரிவதில்லை. நானாக எதையும் தொடங்காத நேரத்தில் அது எழுந்தால் ரத்து செய்துவிட்டு, ஜர்னல்சிடிஎல் (journalctl) கட்டளை காட்டும் இயங்குதளப் பதிவில் யார் கேட்டார்கள் என்று பார்க்கிறேன்.