சேலைக்கடை விளம்பரப் படங்களும் ஃபொட்டோஷொப்பும்: நெடுநாள் பயன்பாட்டு அனுபவம்

யாழ்ப்பாணத்துச் சேலைக்கடைகளுக்கும் நகைக்கடைகளுக்கும் விளம்பரப் படங்களைச் செப்பனிட்டுக் கொடுப்பது என் தொழில். ஆகவே ஃபொட்டோஷொப்பை அதன் வசதிகளின் எண்ணிக்கையைக் கொண்டு நான் மதிப்பிடுவதில்லை. கடையில் தொங்கும் சேலையும் படத்தில் தெரியும் சேலையும் ஒரே நிறமாக இருக்கின்றனவா என்பதே என் அளவுகோல்.

2002 இல் ஏழாம் பதிப்போடு வந்த ஹீலிங் பிரஷ் இன்றும் என் முதற் கருவி. எடுக்கும் இடத்தின் இழையமைப்பை வைக்கும் இடத்தின் ஒளிக்கும் நிறத்துக்கும் இசைவாக்கிவிடுவதால், முகப் பருக்களும் தாலிக்கொடியில் படிந்த தூசியும் தடயமின்றி மறைகின்றன. சரிகைக் கரையை ஒட்டி மட்டும் அதைக் கொண்டுபோகக் கூடாது. பக்கத்து நிறம் கசிந்து ஊத்தையாகத் தெரியும். அங்கே ஓரிடத்தை அப்படியே நகலெடுத்து வைக்கும் பழைய குளோன் ஸ்டாம்ப்தான் சரி.

தோலின் நிறத்தையும் நுண்வரிகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய இரண்டு லேயர்களாகப் பிரித்து வேலை செய்யும் முறை விரைவானது. நிறம் இருக்கும் கீழ் லேயரைச் சற்று அதிகமாக மழுப்பினாலோ முகம் மெழுகாகிவிடும். வெளிச்ச அளவைக் கூட்டிக் குறைக்கும் கேர்வ்ஸ் லேயர்கள் இரண்டை வைத்து, மெல்லிய பிரஷால் நிழலையும் வெளிச்சத்தையும் சிறிது சிறிதாகச் சமன்செய்வது கழுத்து நோகும் வேலை என்றாலும், அச்சிட்ட அட்டையைக் கையில் எடுத்துப் பார்க்கும்போது அதன் அருமை தெரியும். வீதியோரப் பதாகைக்கு அவ்வளவு மினக்கெடத் தேவையில்லை.

"பிள்ளையைக் கொஞ்சம் வெள்ளையாக்கி விடுங்கோ" என்பதுதான் இங்கே அதிகம் கேட்கும் வேண்டுகோள். முகத்தை வெளுப்பாக்கும்போது மாற்றம் படும் இடத்தை வரையறுக்கும் மாஸ்க் சற்றுப் பிசகினால் சட்டைக் கழுத்தும் முந்தானையும் சேர்ந்து வெளுத்து, அரக்கு நிறம் ரோஜா நிறமாகிவிடும். வெளிநாட்டிலிருந்து வட்ஸ்அப்பில் படம் பார்த்துக் கூறை எடுப்பவர்கள் இதை மன்னிப்பதில்லை என்பதால், சேலையின் நிறத்தில் முதலாளிமார் கறாராக இருக்கிறார்கள். அதே முதலாளிமார் அதை உடுத்தி நிற்கும் பெண்ணின் நிறத்தை மாற்றச் சொல்வதில் முரண் எதையும் காண்பதில்லை.

2016 இல், உருவங்களை இழுத்து வளைக்கும் லிக்விஃபை கருவி முகத்தைத் தானே அடையாளங்காணத் தொடங்கிய பின்னர் கண்ணைப் பெரிதாக்குவதும் தாடையை ஒடுக்குவதும் விநாடி வேலையாகிவிட்டன. மொடலின் உடலைப் பருமனாகவோ மெலிவாகவோ மாற்றிய விளம்பரப் படத்தில் அதைக் குறிப்பிட வேண்டும் என்ற விதி பிரான்சில் 2017 ஒக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. மீறினால் 37,500 யூரோ வரை, அல்லது விளம்பரச் செலவில் 30 வீதம் வரை அபராதம். 2022 ஜூலையில் நடைமுறைக்கு வந்த நோர்வேச் சட்டம் தோலில் செய்யும் மாற்றத்தையும் உள்ளடக்குகிறது. நான் நாள்தோறும் செய்யும் வெளுப்பாக்கலுக்கு நெருக்கமானது அதுதான். என்னிடம் எந்தக் கடைக்காரரும் அப்படியொரு குறிப்பைப் போடச் சொன்னதில்லை.

2023 இல் வந்த, செயற்கை நுண்ணறிவால் படத்தை வரைந்து நிரப்பும் ஜெனரேட்டிவ் ஃபில் பின்னணிச் சுவரை நீட்ட உதவுகிறது. துணியில் அதை விட்டால் நெசவாளர் நெய்யாத மாங்காய்ப் புட்டாவையெல்லாம் முந்தானையில் வரைந்துவிடும். இணைய இணைப்பு இல்லாதபோது வேலையும் செய்யாது.

ஃபொட்டோஷொப்பின் சந்தா டொலரில் என்பது இன்னொரு சுமை. 2022 இல் ரூபாய் வீழ்ந்தபோது அதே சந்தா ஏறத்தாழ இரட்டிப்பானது. புதிதாகத் தொடங்குபவர்கள் உயர்தரக் கணினி வாங்குவதற்கு முன்னர் மொனிட்டரின் நிறத்தைச் சரிபார்க்கும் கருவியையும் படமெடுக்கும்போது நிறத்தைச் சரிசெய்ய உதவும் ஒரு சாம்பல் அட்டையையும் வாங்கிக்கொள்வது நல்லது.