தெரிந்து கேட்பதா, தெரியாமல் கேட்பதா?

இசை இலக்கணம் தெரியாமல் கேட்கும்போது பாட்டு மொத்தமாக வந்து மோதும், கண் கலங்கினால்கூடக் காரணம் தேட மாட்டோம். அந்தச் சுகம் தனி. கற்கத் தொடங்கினால் அது கொஞ்சம் குறையும், உண்மைதான். முதல் சில மாதங்கள் நான் பாட்டைக் கேட்காமல் ராகத்தைத்தான் தேடிக்கொண்டிருந்தேன். அப்புறம் அது அடங்கிவிட்டது. இன்றைக்கு என் ஓட்டு தெரிந்து கேட்பதற்கே. மோகன ராகத்தின் ஸ ரி க ப த என்ற 5 ஸ்வரங்களும் மேற்கத்திய இசையில் மேஜர் பென்டடானிக் என்கிற ஐந்து ஸ்வர வரிசையும் ஒன்றுதான் என்று தெரிந்த பிறகு, அதே படிகளில் ஒருவர் ரிஷபத்தை, அதாவது ரி-யை, கமகம் என்னும் அசைவோடு பாடுவதையும் இன்னொருவர் கிட்டாரில் நேராகத் தொட்டுப் போவதையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள், ஒரே வீட்டில் இரண்டு வாசல் திறக்கும். வகைப் பெயர்கள் வேறு விஷயம். இது ஜாஸா, ப்ளூஸா என்று சண்டை போடும் நேரத்தில் இன்னொரு பாட்டு கேட்டுவிடலாம்.