ஏர்பேக் ஸ்டீயரிங்: கழற்றி மாற்றுவதா, தோல் தைப்பதா?

எங்கள் வீட்டு ஹேட்ச்பேக்கின் ஸ்டீயரிங் வளையம் கைபட்டுக் கைபட்டு வழுவழுப்பாகி, வெயிலில் நிறுத்தி எடுத்தால் விரல்களில் பிசுபிசுவென்று ஒட்டும் நிலைக்கு வந்தபோது மூன்று வழிகளைப் பரிசீலித்தோம். முதலாவது, ஏர்பேக்கோடு கூடிய ஸ்டீயரிங்கை முழுவதுமாகக் கழற்றிவிட்டு, பாஸ் கிட் (வேறு ஸ்டீயரிங்கை வண்டியின் ஸ்டீயரிங் தண்டோடு இணைக்கும் உலோகத் துண்டு) வைத்து மோமோ, ஸ்பார்கோ போன்ற ஸ்போர்ட்ஸ் ஸ்டீயரிங் ஒன்றைப் பொருத்துவது. இரண்டாவது, அதே மாடலின் உயர்நிலை வகையில் வரும், தோல் உறையும் பொத்தான்களும் கொண்ட ஸ்டீயரிங்கை வாங்கி மாட்டுவது. மூன்றாவது, இருக்கிற வளையத்தையே வைத்துக்கொண்டு அதன்மேல் நல்ல தோலைக் கையால் தைப்பது. நாங்கள் மூன்றாவதைத் தேர்ந்தோம். ஆகவே இந்த ஒப்பீடு அந்தப் பக்கம் சாய்ந்தே இருக்கும்.

பலரும் முதலில் பேசும் விஷயங்களைச் சுருக்கமாக முடித்துவிடலாம். அழகில் ஸ்போர்ட்ஸ் ஸ்டீயரிங்தான் முந்தும்; அதில் வாதமே இல்லை. செலவில், அசல் மோமோவும் தரமான பாஸ் கிட்டும் சேர்ந்தால் தோல் தைப்பதைவிடப் பல மடங்கு ஆகும். மலிவாகக் கிடைப்பவற்றில் போலிகள் ஏராளம். மேலே முத்திரை ஒன்றாகவே இருந்தாலும் உள்ளே இருக்கும் உலோகத்தின் கனமும் பற்றவைப்பும் வேறாக இருக்கும். ஆடியோ பொத்தான்கள் போய்விடும். ஹாரன் ஒற்றை பட்டனுக்கு மாறும். வாங்குபவர் கவனிக்க வேண்டிய ஒரு சிறு அளவும் உண்டு: மோமோ, ஸ்பார்கோ, ஓஎம்பி ஆகியவற்றின் ஆறு போல்ட் துளைகள் 70 மில்லிமீட்டர் வட்டத்தில் அமைந்திருக்கும்; நார்டியில் அது 74 மில்லிமீட்டர். பாஸ் கிட் வாங்கும்போது இதைப் பார்க்காதவர்கள் கடைக்கு இரண்டாம் முறை அலைகிறார்கள்.

ஓட்டும் உணர்வைப் பற்றி நான் அளந்துதான் பேச வேண்டும், ஏனென்றால் 350 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஸ்போர்ட்ஸ் ஸ்டீயரிங்கை நண்பர் ஒருவரின் வண்டியில்தான் சிறிது தூரம் ஓட்டியிருக்கிறேன். வளையம் சிறியதாக இருந்ததால் கை குறைவாக நகர்ந்தாலே வண்டி திரும்பியது. தொடைக்கும் வளையத்துக்கும் இடையே தாராளமாக இடம் இருந்தது. தடித்த பிடி உள்ளங்கையை நிறைத்தது. இவை எல்லாம் உண்மையான இன்பங்கள். அதே சமயம் வளையத்தின் மேல்விளிம்பு ஸ்பீடோமீட்டரின் மேல்பாதியை மறைத்தது. வேகத்தைப் பார்க்க நான் கழுத்தைத் தூக்க வேண்டியிருந்தது. மாதக்கணக்கில் ஓட்டினால் இது பழகிவிடும் என்று நண்பர் சொன்னார், பழகியும் இருக்கலாம்.

என் முடிவை இவற்றில் எதுவும் தீர்மானிக்கவில்லை. ஏர்பேக் என்பது தனியாக நிற்கும் ஒரு பொருள் அல்ல, சீட் பெல்ட்டோடு ஜோடியாகக் கணக்கிடப்பட்ட பொருள் என்பதுதான் தீர்மானித்தது. "நான் எப்போதும் பெல்ட் போடுகிறேன், மெதுவாகத்தான் ஓட்டுகிறேன், ஏர்பேக் இல்லாவிட்டால் என்ன?" என்ற கேள்வியைத்தான் இந்த விஷயத்தில் அடிக்கடி கேட்கிறோம். ஏர்பேக் வருவதற்கு முன்பு நம் அப்பாக்கள் எல்லாரும் பெல்ட்டை மட்டும் நம்பித்தானே ஓட்டினார்கள் என்பதும் அதன் தொடர்ச்சி. கேட்க நியாயமாகவே தோன்றும். ஆனால் அந்தக் காலத்து பெல்ட்டும் இன்றைய பெல்ட்டும் ஒன்றல்ல.

இன்றைய கார்கள் பலவற்றில் முன்னிருக்கை பெல்ட் சுருளுக்குள் இரண்டு ஏற்பாடுகள் இருக்கின்றன. மோதல் தொடங்கிய சில மில்லிசெகண்டுகளில் பெல்ட்டின் தொய்வை உள்ளிழுத்து இறுக்கும் ப்ரீடென்ஷனர் ஒன்று. அதற்குப் பிறகு உடலின் எடை முழுவதும் பெல்ட்டின்மீது சாயும்போது, விசை ஒரு குறிப்பிட்ட அளவைத் தாண்டியதும் வேண்டுமென்றே பெல்ட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுக்கும் லோட் லிமிட்டர் மற்றொன்று. லோட் லிமிட்டர் பெரும்பாலும் சுருளின் அச்சாக இருக்கும் ஓர் எஃகுத் தண்டுதான். விசை அதிகமானால் அது முறுக்கிக்கொள்கிறது, பெல்ட் வெளியே வருகிறது. அப்படி விடாவிட்டால் பெல்ட்டே விலா எலும்புகளை முறித்துவிடும், குறிப்பாக வயதானவர்களுக்கு. விட்டுக்கொடுத்தால் மார்பு பிழைக்கும். ஆனால் தலையும் மேலுடலும் இன்னும் முன்னே போகும். அப்படி முன்னே வரும் உடலை ஏந்திக்கொள்ளத்தான் அந்த இடத்தில் ஏர்பேக் விரிந்து காத்திருக்கிறது.

இந்தக் கணக்கு எவ்வளவு நெருக்கமானது என்பதற்கு ரெனோ நிறுவனத்தின் வரலாறு நல்ல சான்று. 1990களின் நடுவில் அவர்கள் கொண்டுவந்த பெல்ட்டில் லோட் லிமிட்டர் 6 கிலோநியூட்டனில் விட்டுக்கொடுக்கும்படி அமைந்திருந்தது. பிறகு அதற்கென்றே வடிவமைத்த ஏர்பேக்கோடு சேர்த்துப் பொருத்தியபோது அந்த அளவை 4 கிலோநியூட்டனுக்கு, அதாவது ஏறத்தாழ 400 கிலோ எடைக்குச் சமமான விசைக்கு, இறக்கினார்கள். ஏர்பேக் ஏந்திக்கொள்ளும் என்ற உறுதி இருந்ததால்தான் பெல்ட்டை மேலும் மென்மையாக்க முடிந்தது. இப்போது அந்த ஏர்பேக்கை மட்டும் கழற்றிவிட்டால், பெல்ட் தன் ஒப்பந்தப்படி விட்டுக்கொடுக்கும். எதிரே இருப்பது காற்றுப்பை அல்ல, பாஸ் கிட்டின் உலோகக் கழுத்தும் ஆறு போல்ட்டும் ஹாரன் பட்டனும். அதாவது, இன்றைய வண்டியில் ஏர்பேக்கைக் கழற்றுகிறவர் தன் வண்டியை அப்பா காலத்து வண்டியாக மாற்றுவதில்லை. சில வகைகளில் அதைவிடப் பாதகமான நிலைக்குக் கொண்டுபோகிறார்.

வண்டியின் உடற்கூடு உறுதியாக இருந்தால் போதும் என்ற எண்ணமும் நம்மிடம் உண்டு. கார்களை மோதவிட்டுச் சோதிக்கும் குளோபல் என்கேப் அமைப்பு 2014 ஜனவரியில் வெளியிட்ட முதல் இந்தியச் சோதனை முடிவுகளை இங்கே நினைத்துப் பார்க்கலாம். மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் நடந்த மோதலில், ஏர்பேக் இல்லாத ஃபோக்ஸ்வாகன் போலோவின் உடற்கூடு உறுதியாகவே நின்றது. இருந்தும் பெரியவர்களுக்கான பாதுகாப்பில் பூஜ்ய நட்சத்திரம்தான் கிடைத்தது. முன்பக்க ஏர்பேக் இரண்டும் பொருத்திய போலோவுக்கு நான்கு நட்சத்திரம். கூடு கெட்டியாக இருந்தும் உள்ளே இருப்பவரை எது பிடித்து நிறுத்துகிறது என்பதுதான் இடைவெளியை உண்டாக்கியது. ஸ்போர்ட்ஸ் ஸ்டீயரிங் மாற்றுகிறவர் ஓட்டுநர் இருக்கையைப் பொறுத்தவரை இதே பாதையில் பின்னோக்கி நடக்கிறார்.

அடுத்தது எச்சரிக்கை விளக்கு. ஸ்டீயரிங்கின் நடுப்பகுதியைக் கழற்றும்போது மஞ்சள் நிற கனெக்டர் ஒன்று கையில் வரும். ஏர்பேக் வயரிங்குக்கு உரிய நிறம் அது. அதைப் பிடுங்கிவிட்டு வண்டியை ஸ்டார்ட் செய்தால் டேஷ்போர்டில் ஏர்பேக் விளக்கு அணையாமல் எரியும். அதை அணைக்க மெக்கானிக்குகள் கையாளும் வழி, ஏறத்தாழ இரண்டு ஓம் மின்தடை ஒன்றை அந்த கனெக்டரில் செருகிவிடுவது. ஏர்பேக்கின் தீக்கொளுத்தி இழைக்கும் ஏறக்குறைய அதே தடைதான் என்பதால், ஏர்பேக் இன்னும் அங்கேயே இருக்கிறது என்று ஏர்பேக்கை இயக்கும் கன்ட்ரோல் யூனிட் நம்பிவிடும். மோதலின் கடுமைக்கேற்ப இரண்டு கட்டமாக விரியும் இரட்டை நிலை ஏர்பேக் என்றால் இரண்டு மின்தடை. செருகாமல் விட்டால் விளக்கு எப்போதும் எரியும். அந்த நிலையில் பக்கத்து இருக்கை ஏர்பேக்கும் ப்ரீடென்ஷனரும்கூட இயங்காமல் போகலாம் என்று பல வண்டிகளின் கையேடுகள் எச்சரிக்கின்றன. செருகினாலோ, இந்த வண்டியைப் பின்னால் வாங்கப்போகிறவருக்கு விளக்கு பொய் சொல்லும். இரண்டில் எது மேல் என்று யாராவது கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. இரண்டுமே வேண்டாம் என்றுதான் தோன்றியது.

கழற்றிய ஏர்பேக்கை எங்கே வைப்பது என்பதையும் யாரும் யோசிப்பதில்லை. அது வெடிமருந்து அடைத்த பொருள். டிக்கியில் உருள விடுவதோ, வெயில்படும் மொட்டைமாடி அறையில் போட்டுவைப்பதோ கூடாது; வைத்தே ஆக வேண்டுமென்றால் அலங்கார முகம் மேலே பார்த்திருக்க வேண்டும். கவிழ்த்து வைத்தது தவறி வெடித்தால் மொத்த உறையும் மேலே பாயும்.

சட்டத்தை நான் நீட்டப்போவதில்லை. இந்தியாவில் 2019 ஜூலை 1 முதல் ஓட்டுநர் ஏர்பேக் கட்டாயம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு தயாரிப்பாளரின் அசல் விவரங்களிலிருந்து விலகும் மாற்றங்களைத் தடுக்கிறது. 2019 திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி அனுமதியற்ற மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கலாம். சாலையில் ஸ்டீயரிங்கைப் பார்த்து நிறுத்தும் போலீஸ்காரர் அரிது என்பது உண்மைதான். ஆனால் விபத்துக்குப் பின் இன்சூரன்ஸ் சர்வேயர் வண்டியைப் பார்க்காமல் விடமாட்டார்.

இரண்டாவது வழியான உயர்நிலை வகை ஸ்டீயரிங் எனக்குப் பிடித்தமானதுதான். ஏர்பேக் நீங்காது, வண்டியின் கணக்கும் கலையாது, பொத்தான்களும் கிடைக்கும். சிக்கல் எங்கே என்றால், புதிதாக வாங்கினால் விலை கையைக் கடிக்கும். அதனால் பலரும் புதுப்பேட்டை போன்ற பழைய உதிரிபாகச் சந்தைக்குப் போகிறார்கள். அங்கே கிடைக்கும் வளையத்தில் குற்றம் காண முடியாது. ஆனால் அதோடு வரும் ஏர்பேக் எந்த வண்டியிலிருந்து வந்தது, ஏற்கெனவே விரிந்து மீண்டும் மூடித் தைக்கப்பட்டதா, வெள்ளத்தில் நனைந்ததா என்பதை வெளியே பார்த்து யாராலும் சொல்ல முடியாது. உங்கள் வண்டியின் சொந்த ஏர்பேக்கே புதிய வளையத்தில் பொருந்தும் என்பது பார்ட் நம்பரை வைத்து உறுதியானால், வளையத்தை மட்டும் பழையதாக வாங்கலாம். ஒற்றை நிலை, இரட்டை நிலை வேறுபாட்டையும் ஸ்டீயரிங் சுழலும்போதும் வயர் இணைப்பு அறாமல் வைத்திருக்கும் கிளாக் ஸ்பிரிங்கின் கனெக்டர் ஊசிகளின் எண்ணிக்கையையும் சரிபார்க்காமல் பணம் கொடுக்க வேண்டாம். எங்கள் மாடலுக்கு இந்தப் பொருத்தம் அமையவில்லை. அமைந்திருந்தால் ஒருவேளை இதையே எடுத்திருப்போம்.

ஆகவே தோல் தைப்பது. ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் தடிமனுள்ள உண்மைத் தோலை வளையத்தின் சுற்றளவுக்குச் சற்றுக் குறைவாக வெட்டி, உள்விளிம்பில் மெழுகு நூலால் இரு பக்கத் துளைகளையும் குறுக்காக இழுத்துத் தைக்கிறார்கள். தோல் தளர்ந்திருந்தால் திருப்பத்தில் கைக்குள் நழுவும். அதனால் இழுவைதான் வேலையின் உயிர். எங்களுக்குத் தைத்தவர் ஒவ்வொரு ஐந்தாறு தையலுக்கும் ஒருமுறை கட்டைவிரலால் தோலை நெருடிப் பார்த்து, தளர்ந்த இடத்தில் நூலைப் பிரித்து மீண்டும் இழுத்தார். மூன்று மணி, ஒன்பது மணி நிலைகளில் துளையிட்ட தோலைக் கேட்டு வாங்குங்கள். நம் ஊர் வியர்வைக்கு அது நன்றாகப் பிடிக்கிறது. தடிமன் கூட்ட வேண்டுமென்றால் தோலுக்கு அடியில் மெல்லிய ஃபோம் வைக்கலாம். நாங்கள் வைத்தோம், ஸ்போர்ட்ஸ் ஸ்டீயரிங்கில் எனக்குப் பிடித்திருந்த அந்த நிறைந்த பிடி முக்கால்வாசி கிடைத்துவிட்டது. சிறிய விட்டம் கிடைக்கவில்லை, அது கிடைக்காது. இந்தத் தோல் எத்தனை கோடை தாங்கும் என்பதைச் சொல்ல எங்கள் அனுபவம் இன்னும் போதாது. இதுவரை தையல் விடவில்லை, நிறம் மட்டும் சற்று மங்கியிருக்கிறது.

தைப்பவர் வளையத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். ஹாரன் பகுதியின் மூடியில், உட்புறத்தில், ஏர்பேக் கிழித்துக்கொண்டு வெளிவர வேண்டிய கோடு வார்க்கப்பட்டிருக்கும். அதன்மேல் தோல் ஒட்டுவது, பெயின்ட் அடிப்பது, கல் பதித்த முத்திரையோ உலோக ஸ்டிக்கரோ பொருத்துவது எல்லாம் ஆபத்து. ஏர்பேக் விரிந்தபோது இப்படி ஒட்டிய அலங்காரச் சின்னம் பறந்து வந்து ஓட்டுநர் ஒருவர் ஒரு கண்ணின் பார்வையை இழந்ததை அடுத்து, அமெரிக்கச் சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் 2022இல் பொது எச்சரிக்கையே விடுத்தது. பிள்ளையார் டேஷ்போர்டின் ஓரத்தில் இருக்கட்டும், ஸ்டீயரிங்கின் நடுவில் வேண்டாம். ஏர்பேக்கைக் கழற்றித்தான் தைப்பேன் என்று தைப்பவர் சொன்னால், முதலில் பேட்டரி இணைப்பைத் துண்டித்து, கையேடு சொல்லும் நேரம் காத்திருக்கச் சொல்லுங்கள். கன்ட்ரோல் யூனிட்டில் உள்ள கெப்பாசிட்டர் பேட்டரி போன பிறகும் சிறிது நேரம் மின்னேற்றத்தை வைத்திருக்கும். வேலை முடிந்ததும் இக்னிஷனைப் போட்டு, ஏர்பேக் விளக்கு சில விநாடி எரிந்து அணைகிறதா என்று பார்த்த பிறகே காசு கொடுங்கள்.

ஸ்போர்ட்ஸ் ஸ்டீயரிங்குக்கு இடமே இல்லை என்று நான் சொல்லவில்லை. பிரீமியர் பத்மினி, பழைய மாருதி 800 போன்று தொடக்கத்திலிருந்தே ஏர்பேக் இல்லாத வண்டிகளில் நல்ல தரமான, நடுவில் மெத்தை வைத்த ஒன்றைப் பொருத்துவதால் ஏர்பேக் கணக்கில் இழப்பு எதுவும் இல்லை. இருங்காட்டுக்கோட்டை, செட்டிப்பாளையம் பந்தயத் தடங்களில் ஓடும் வண்டிகளில் அதுதான் முறை. ஆனால் அங்கே ஏர்பேக்கை எடுத்த இடத்தில் பல முனை ஹார்னஸ் என்னும் பந்தய பெல்ட், பக்கெட் சீட், வண்டி உருண்டாலும் கூரை நசுங்காமல் காக்கும் ரோல் கேஜ், ஹெல்மெட், கழுத்தைத் தாங்கும் ஹான்ஸ் கருவி என்று வேறொரு முழு ஏற்பாடு வந்து உட்கார்ந்திருக்கிறது. அந்த முழுத் தொகுப்பையும் பொருத்துகிறவர் பந்தயத் தடத்தில் தாராளமாக மாற்றிக்கொள்ளலாம். அதிலிருந்து ஸ்டீயரிங்கை மட்டும் எடுத்து வந்து, மூன்று முனை பெல்ட்டோடு ஆபீசுக்குப் போகும் வண்டியில் மாட்டுவதைத்தான் நான் ஏற்கவில்லை.